இல்லை என்பதற்குச் செலவில்லை

தியான்ஷான் மலையில், எங்கள் ஏரிக்கு மேலே
முப்பத்தேழு பெட்டிகள்.
சோப்புக்கட்டி அளவு. ஒவ்வொன்றும்
ஒரு பாறை இடுக்கில், கல்லில் காது வைத்தபடி.
பனியாறு முறியும் அதிர்வு எது,
யாக்கள் இடம் மாறும் அதிர்வு எது என்று
அவற்றுக்குக் கற்பித்தவள் பெர்மெத்.
மின்கலம் மாற்றுகிறவன் நான்.

ஒரு சொல் அனுப்பும் மின்சாரத்தில்
ஒரு பெட்டி பாதி நாள் கேட்டுக்கொண்டிருக்கலாம்.
கேட்பது மலிவு, பேசுவதுதான் விலை என்றாள்.
இதை மைத்துனன் எர்கினிடம் சொன்னேன்.
மூன்று மணி நேரம் மறுத்துப் பேசினான்.

ஆகவே விதி:
நிச்சயம் என்றால் மட்டும் பேசு.
பேசினாலும் ஒரே சொல், ஆம்.
எவ்வளவு நடுங்கியது என்று வேண்டாம்,
நீ பயந்ததைச் சொல்ல வேண்டாம்.
இல்லை என்றால் சும்மா இரு.
உன் சும்மாவை நாங்கள் படித்துக்கொள்வோம்.

புதிதில்லை இது.
எகாத்தரின்பர்க்கில் கூரை வேயும் தம்பி தாலாய்
ஞாயிறுதோறும் ஒரு மிஸ்டு கால் கொடுப்பான்.
எடுத்துவிட்டால் காசு.

கீழே, பள்ளிக்கூடத்தின் பின்னறையில்
எண்ணுகிற பெட்டி.
ஒன்பது ஆம் சேர்ந்தால் சங்கு ஊதும்.
எட்டு சேர்ந்தால் ஊதாது.
எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில்
அறுபத்திரண்டு வீடுகள்.

போன வருடம் அது ஐந்தாக இருந்தது.
ஜூனில், இரவு இரண்டு மணிக்கு ஊதியது.
மேட்டுக்கு ஓடினோம். பிள்ளை பெற்ற மூன்றாம் நாள்
சைக்காலைக் கம்பளத்தோடு தூக்கினோம்.
விடிந்ததும் தெரிந்தது,
யாரோ இரவோடு இரவாக ஓட்டிப்போன குதிரைகள்.
ஒரு வாரம் கடையில் பெர்மெத்துக்கு
யாரும் ரொட்டி எடுத்துக் கொடுக்கவில்லை.
ஐந்து ஒன்பதானது அப்படித்தான்.
அவள் ஒரு வளைகோடு வரைந்து வைத்திருக்கிறாள்.
இந்தப் பக்கம் நகர்ந்தால் பொய்ச்சங்கு.
அந்தப் பக்கத்துக்கு
அவள் இன்னும் பெயர் எழுதவில்லை.

நிறைகுடம் தளும்பாது. ஏரி அப்படியில்லை.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது:
சும்மா இருக்கும் பெட்டி
சொல்ல ஒன்றுமில்லாமல் இருக்கிறதா, செத்துவிட்டதா?
இரண்டுக்கும் ஒரே சத்தம்.
பெர்மெத் பென்சிலைக் கடித்தாள்.
விடியலில் ஒருமுறை 'இருக்கிறேன்' சொல்லட்டும்,
அதற்கு ஆயுளில் பத்தொன்பது நாள் போகும்,
போகட்டும் என்றாள்.

ஆகஸ்டில் பதினேழாம் எண்
ஆறு விடியல்களாக இருக்கிறேன் சொல்லவில்லை.
நாளை ஏறலாம் என்று இருந்தேன்.
அன்றிரவு திரையில் ஒன்று, மூன்று,
சற்றுப் பொறுத்து ஏழு. எட்டு.
அதோடு நின்றுவிட்டது.
முப்பத்தாறில் எட்டு என்றால், என்று பெர்மெத்
காகிதத்தை இழுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தாள்.
எனக்கு அந்தக் கணக்கு தெரியாது.
பதினேழை விரிசலுக்குப் பக்கத்தில்
இந்தக் கையால்தான் வைத்தேன், அது தெரியும்.
சங்கை அழுத்தினேன்.

தண்ணீர் வந்தது. முழங்கால் அளவு.
பாலத்தையும், எர்கினின் வைக்கோலையும்,
பின்னறையில் அவளுடைய காகிதத்தையும் எடுத்துக்கொண்டது.
முழங்கால் தண்ணீருக்கா இந்த ஓட்டம் என்றார்கள் சிலர்.
கடையில் ரொட்டி மட்டும் கொடுத்தார்கள்.

வியாழக்கிழமை மேலே ஏறினேன்.
பதினேழின் ஆண்டெனாவை
மார்மட் ஒன்று கடித்துப் போட்டிருந்தது.
பெட்டியைத் திறந்து நினைவகத்தைப் படித்தேன்.
முதல் விடியலில் இருக்கிறேன் என்றிருக்கிறது.
பதில் வரவில்லை என்று மறுபடி இருக்கிறேன்.
மறுபடி. நாலாயிரத்துச் சொச்சம் தடவை.
கடைசிச் சொட்டு மின்சாரத்தில், அந்த இரவு
ஒன்று நாற்பத்தொன்றுக்கு, எல்லோருக்கும் முன்னால்,
ஆம்.

புது மின்கலம் போட்டேன்.
கம்பியை முறுக்கி, மேலே ஒரு கல் வைத்தேன்.